எனேபிள்_இஃப்பா, கான்செப்ட்ஸா? சி++ டெம்ப்ளேட்டுக்கு எது தோது

டெம்ப்ளேட் என்பது பல வகைகளுக்கும் பொதுவாக எழுதும் கோடு. எந்த வகைக்கு அது பொருந்தும் என்ற நிபந்தனையை எழுதப் பழைய வழி எனேபிள்_இஃப், சி++20-இல் வந்த புதிய வழி கான்செப்ட்ஸ். சி++20 கம்பைலர் இருக்கிறதா? புதிய கோடுக்குக் கான்செப்ட்ஸ்தான். ஜிசிசி கம்பைலரில் 10-ஆம் பதிப்பு முதலே கிடைக்கிறது. படிக்க எளிது, பிழைச்செய்தி சுருக்கம் என்பதெல்லாம் தெரிந்த கதை. முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு: பிறகு இன்னொரு ஓவர்லோட் (அதே பெயரில் வேறொரு ஃபங்ஷன்) சேர்க்கும்போது எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும்?

முழு எண்ணுக்கு ஒன்று, தசம எண்ணுக்கு ஒன்று என இரண்டு ஓவர்லோட். எனேபிள்_இஃப்பை டைப் பாராமீட்டரின் டீஃபால்ட்டாக எழுதினால் இரண்டாவதிலேயே 'ரீடெஃபினிஷன்' (ஒரே ஃபங்ஷனை மறுபடி வரையறுத்தல்) என்ற பிழை வரும். ஃபங்ஷனை அடையாளம் காட்டும் சிக்னேச்சரில் டீஃபால்ட் சேராது. எனேபிள்_இஃப்பையே இன்ட் வகை பாராமீட்டராக்கி, டீஃபால்ட்டாக 0 கொடுத்தால் தீர்ந்தது. உண்மையான தலைவலி, சைன்டு (எதிர்ம மதிப்பும் ஏற்கும்) முழு எண்ணுக்கு மட்டும் மூன்றாவது வரும்போதுதான். இன்ட் இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துவதால் அழைப்பு ஆம்பிகுவஸ், அதாவது எதை எடுப்பது என்று கம்பைலருக்குத் தெரியாது. பழைய ஓவர்லோடைத் திறந்து 'சைன்டு அல்லாதது' என்று சேர்த்தாக வேண்டும். அது அடுத்தவர் லைப்ரரியில் இருந்தால் அதற்கும் வழியில்லை.

கான்செப்ட்ஸில் பழையதைத் தொட வேண்டாம். சைன்டு_இன்டெக்ரல் என்ற கான்செப்டின் வரையறைக்குள்ளேயே முழு எண்ணுக்கான இன்டெக்ரல் கான்செப்ட் இருப்பதால், இறுக்கமான நிபந்தனை உள்ளதைக் கம்பைலரே தேர்ந்தெடுக்கும். ஆனால் பெயரிட்ட கான்செப்டுக்குத்தான் இந்தச் சலுகை. நிபந்தனை எழுதும் ரிக்வயர்ஸ் சொல்லுக்குப் பின் இஸ்_இன்டெக்ரல்_வி (முழு எண் வகையா என்ற சோதனை) என்று நேரடியாக இரண்டு இடத்தில் எழுதினால், எழுத்து ஒன்றாக இருந்தாலும் அவை வேறு வேறு நிபந்தனைகள், மறுபடி ஆம்பிகுவஸ்.

இன்னொரு குழி: ரிக்வயர்ஸ் பிளாக்குக்குள் 'சைஸ்ஆஃப்(டி) == 4;' (டி வகையின் அளவு 4 பைட்டா) என்று எழுதினால் 8 பைட் டபுளும் உள்ளே வந்துவிடும். அந்த வரி கம்பைல் ஆகிறதா என்று மட்டுமே பார்க்கப்படுகிறது. உண்மையா என்று பார்க்க, வரியின் முன்னால் இன்னொரு ரிக்வயர்ஸ் வேண்டும். பார்க்க அசிங்கம்தான்.

நிபந்தனை பொய்த்தால் கம்பைலை நிறுத்தும் ஸ்டேடிக்_அசெர்ட்? ஓவர்லோடே இல்லாத ஃபங்ஷனுக்குப் போதும். ஆனால் பாடிக்குள் இருப்பதால் ஓவர்லோட் தேர்வுக்கு அது தெரியாது. ஒன்றை அழைக்க முடியுமா என்று சோதிக்கும் இஸ்_இன்வோக்கபிள் 'ஆம்' என்று சொன்ன அழைப்பே கம்பைலில் விழும். கம்பைல் நேரத்திலேயே கிளையைத் தேர்ந்தெடுக்கும் சி++17-இன் இஃப் கான்ஸ்டெக்ஸ்பர், எல்லாக் கிளைகளும் ஒரே ஃபங்ஷனில் அடங்கினால் நன்று. வெளியிலிருந்து யாரும் கிளை சேர்க்க முடியாது.

கம்பைல் நேரத்தை வைத்து இப்படி, அப்படி என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. உங்கள் கோடில் அளந்து பார்ப்பதே வழி.

சி++17-இல் மாட்டிக்கொண்டவர்களுக்கு எனேபிள்_இஃப்தான். நிபந்தனையை ஒவ்வொரு ஃபங்ஷனிலும் விரித்து எழுதாமல், பெயருள்ள ஒரு ட்ரெய்ட்டாக (வகையைச் சோதிக்கும் டெம்ப்ளேட்) ஒரே இடத்தில் வையுங்கள். பின்னால் கான்செப்ட்ஸுக்கு மாற்றும்போது ஒரே பெயரில் உள்ள ஓவர்லோட்களை மொத்தமாக மாற்றுங்கள். பாதி மட்டும் மாற்றினால் டெம்ப்ளேட் பாராமீட்டர் பட்டியல்கள் பொருந்தாமல் போகும். அப்போது எது இறுக்கமானது என்ற ஒப்பீடே நடக்காது.