கடை லாப்டொப்புக்கு ஒரு கலண்டர்: தண்டர்பேர்ட் எப்படி?

கொக்குவிலில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுக்கிற சின்ன ஸ்டூடியோ எங்களுடையது, புக்கிங் எல்லாம் கடை லாப்டொப்பில்தான். முந்தி வின்டோஸோடு வந்த கலண்டரே போதுமாக இருந்தது. 2024 டிசம்பர் 31உடன் அதைக் கைவிட்ட மைக்ரோசொஃப்ட், எல்லாரையும் புது அவுட்லுக்குக்குப் போகச் சொல்லிவிட்டது. அதுவும் இலவசம்தான், ஆனால் இன்பொக்ஸில் விளம்பரம் வரும், ஜிமெயிலைச் சேர்த்தால் அதன் பிரதி மைக்ரோசொஃப்ட் சேர்வருக்கும் போகும். எனக்குப் பிடிக்கவில்லை.

கூகிள் கலண்டர் ஃபோனில் அருமை. கொம்பியூட்டரில் பிரௌசருக்குள்தான் ஓடும், நெட் இல்லாவிட்டால் குரோமில் பார்க்கலாமே தவிர புதிதாகப் பதிய ஏலாது. கரண்ட் போய் ரௌட்டரும் நின்றிருக்க, முற்பணத்தோடு ஆள் வந்து நின்றால் என்ன செய்வது?

தண்டர்பேர்ட் மெயில் மென்பொருள், கலண்டர் அதற்குள்ளேயே இருக்கிறது, காசு இல்லை. புதுக் கலண்டர் திறக்கும்போது 'என் கணினியில்' என்பதைத் தெரிவு செய்தால் எல்லாம் உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும். எங்கள் வேலையில் ஒரு கலியாணம் என்றால் ஒரு பதிவோடு முடியாது: பொன்னுருக்கு ஒரு நாள், தாலிகட்டு ஒரு நாள், சில வீடுகளில் வரவேற்பு இன்னொரு நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து வைத்திருக்கிறேன், ஐயர் நாளை மாற்றினால் மாதப் பக்கத்தில் மவுஸால் இழுத்து விட்டால் சரி.

எனக்கு ஆகப் பிடித்தது நேர வலயம். காசு கட்டுகிற மாமா ரொறன்ரோவில் இருப்பார், அங்கே கோடையில் எங்களுக்கும் அவர்களுக்கும் 9½ மணி வித்தியாசம், குளிர்காலத்தில் 10½. நிகழ்ச்சிப் பெட்டியின் மெனுவில் நேர வலயத்தைக் காட்டச் சொல்லி, ரொறன்ரோ நேரத்தையே அடித்தால் நம்முடைய நேரத்துக்கு அதுவே மாற்றி வைக்கும். பட்டியலில் அது அமெரிக்காவின் கீழ்தான் இருக்கும், கனடா என்று தேடி மினக்கெட வேண்டாம்.

குறையும் உண்டு. தண்டர்பேர்ட் திறந்திருந்தால்தான் நினைவூட்டல் அடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பதிந்தால் தடுக்காது, பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். 2024இல் வந்த அதன் அன்ட்ரொயிட் செயலி மெயிலுக்கு மட்டும்தான். ராகுகாலமும் தெரியாது, வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டைக்கும் வராது, ஆகவே சுவரில் பஞ்சாங்கக் கலண்டர் தொங்கத்தான் வேண்டும்.

ஒருவர் மட்டும் பதிகிற கடைக்கு இதைத் தாராளமாகப் போடலாம். மூன்று நான்கு பேர் ஒன்றாகப் பதிகிற கிளினிக், ரியூசன் சென்டர் என்றால் கூகிளோடேயே இருங்கள். எதைப் பிடித்தாலும் கிழமைக்கொருக்கால் பதிவுகளை ஐசிஎஸ் (.ics) என்ற கலண்டர் கோப்பாக எடுத்து பென்ட்ரைவில் போட்டு வையுங்கள், அதே கோப்பு கூகிளிலும் ஏறும், அவுட்லுக்கிலும் ஏறும்.