காதைப் பழக்கும் பத்து நிமிடப் பிரெஞ்சு

பிரான்ஸ் பயணத்திற்கு முன் நான்கு மாதங்கள் பிரான்சின் பன்னாட்டு வானொலியான ஆர்எஃப்ஐயின் எளிய பிரெஞ்சுச் செய்தியை நாள்தோறும் கேட்டேன். பத்தே நிமிடம் நீளும் இந்நிகழ்ச்சியில் கடினமான சொற்களைச் செய்தியின் நடுவிலேயே விளக்குகிறார்கள். முதலில் வெறுமனே கேட்டு, பிறகு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்து வடிவத்துடன் ஒப்பிட்டபோதுதான், எழுதப்பட்டும் ஒலிக்காத கடைசி மெய்கள் எனக்குப் பிடிபட்டன. அடிப்படை இலக்கணம் அறிந்தவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

கடைத்தெருப் பேச்சுக்கு இது மட்டும் போதாது. லியோனில் ஒரு ரொட்டிக்கடையில் நான் நேரடியாகப் பொருளைக் கேட்டபோது, விற்பனைப் பெண்மணி "போன்ஜூர்" (வணக்கம்) என்று சொல்லிக் காத்திருந்தார். நானும் திருப்பிச் சொன்ன பிறகே ரொட்டியை எடுத்தார். எண்களையும் தனியே பழக வேண்டும்: 90 என்பது பிரான்சில் 'நான்கு இருபது பத்து', பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 'நொனான்ட்' என்ற ஒரே சொல்.