கொல்லைக்கு வரும் மயில்: பிடித்து விடுவதா, நாடா கட்டுவதா, வலை போடுவதா?

காரைக்குடியை ஒட்டிய எங்கள் தெருவில் மயில் பேச்சு எடுத்தாலே மூன்று கட்சி. வனத்துறையைக் கூப்பிட்டுப் பிடித்துப் போகச் சொல்பவர்கள் ஒரு பக்கம். எதையாவது கட்டி விரட்டுபவர்கள் இன்னொரு பக்கம். "குன்றக்குடியான் வாகனம், தின்னுட்டுப் போகட்டுமே" என்று அரிசி போடும் ஆச்சிமார் மூன்றாவது. நாங்கள் கடைசியில் காய்கறிப் பாத்திக்கு வலை போட்டோம். அதனால் நான் வலைக் கட்சி.

விஷம் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. முட்டையை உடைப்பதும் வேட்டைதான்.

பிடித்து வேறிடத்தில் விடுவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். கிடைத்தாலும் பலன் நிற்காது. எங்கள் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் எத்தனை! சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, பின்கட்டு முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. மயிலுக்கு முட்டையிட அதைவிட மறைவான இடம் ஏது? குஞ்சு பிடிக்கும் நரியும் அரிதாகிவிட்டது. பத்து மயிலைக் கொண்டுபோனால் அடுத்த பத்து வந்து நிற்கும். புதரை வெட்டச் சொல்லிச் சொந்தக்காரர்களிடம் பேசுவதுதான் நெடுநாள் வழி. ஆனால் பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டு ஆள் விடுவதற்குள் கத்தரி போயே போய்விடும்.

பளபள நாடா மலிவு, ஒரே காலையில் கட்டிவிடலாம். புதிதில் மயில் மிரளத்தான் செய்கிறது. பழகிய பிறகு நாடாவுக்குக் கீழேயே நின்று மிளகாய் நாற்றைக் கொத்துகிறது. வெயிலில் பளபளப்பு போய், காற்றில் அறுந்து, துண்டு துண்டாக மண்ணில் கிடக்கும். மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

நான் வலைக்கு வந்ததற்குக் காரணம் இந்தப் பராமரிப்புதான். மயில் வலைக்குப் பழகினாலும் உள்ளே வர வழியில்லை. முற்றத்துக்கு மேலே கம்பி அடித்த நம் வீடுகளில் வற்றலைக் காயப்போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதில்லையா, அதே கணக்கு. பக்கத்தில் மட்டும் கட்டினால் பறந்து உள்ளே இறங்கிவிடும், மேலேயும் மூடவேண்டும். ஆள் உயரத்துக்குக் கால் நட்டால் களை எடுக்கக் குனிந்து உள்ளே நுழைய வேண்டாம். வெயில் தாங்கும் வலையாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண நைலான் சீக்கிரம் நொறுங்கிவிடும்.

வலையைத் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டுவது முக்கியம். தளர்ந்த வலையில் சாரைப்பாம்பு சிக்கும், மைனா கால் மாட்டும். பயிரைக் காக்கப் போட்ட வலையில் ஓர் உயிர் துடிப்பதை என்னால் பார்க்க முடியாது. கண்ணி சிறியதாக இருக்கட்டும். அடி ஓரத்தைத் தரையோடு தொங்கவிடாமல் சட்டத்தில் அடித்துவிடுங்கள். ஆடிக் காற்று அடித்த மறுநாள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துத் தளர்ந்த இடத்தை இறுக்கினால் போதும். எங்களுக்கு அதற்கு மேல் வேலை வைத்ததில்லை.

இன்னொன்று, வலைக்கு யார் சம்மதமும் வேண்டாம். அடுத்த வீட்டு ஆச்சி இன்றும் அரிசி போடுகிறார், எங்களுக்குள் சண்டையில்லை.

இதெல்லாம் சில சென்ட் கொல்லைக்குச் சொன்னது. ஏக்கர் கணக்கில் நிலக்கடலை போட்டவர்களுக்கு வலை கட்டுபடியாகுமா என்பதில் எனக்கு அனுபவமில்லை. அவர்களில் பலர் பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, விதைத்த முதல் நாட்களில் ஆள் வைத்துக் காவல் காக்கிறார்கள்.