கப்பல் வேலைக்கு நாலரை லட்சம் வாங்கி ஏமாற்றிய ஏஜென்சி, உஷார்!

தம்பி நேற்று இரவுதான் ஷார்ஜாவிலிருந்து தூத்துக்குடி வந்து சேர்ந்தான். டிக்கெட்டும் நாங்கள் போட்டதுதான். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கப்பலில் அடிமட்ட மாலுமி வேலைக்கான ஜிபி ரேட்டிங் படிப்பை முடித்து, மாலுமிகளுக்கான அடையாளப் புத்தகமான சிடிசியும் எடுத்துவிட்டுக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். யாரோ சொல்லி, சென்னையில் கப்பல்களுக்கு ஆள் எடுத்து அனுப்பும் ஒரு மேன்னிங் ஏஜென்சிக்குப் போனோம். தோளில் நாலு கோடு போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை 'கேப்டன் சார்' என்றார்கள். பின்னால் சுவரில், மாலுமிகளை வேலைக்கு எடுக்க அரசு தரும் ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ், ஃபிரேம் போட்டு. அது வேறு ஏதோ கம்பெனி லைசென்ஸின் கலர் ஜெராக்ஸ் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த ஆள் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சிடிசியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "உடம்பை மட்டும் பார்த்துக்கோ தம்பி, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார். கூட வந்த அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பணம் கேட்டது அடுத்த அறையில், வேறொரு ஆள். நகையை அடகு வைத்து நாலரை லட்சம் ரொக்கமாகக் கொடுத்தோம். ரசீதில் 'பயிற்சிக் கட்டணம்' என்று எழுதியிருந்தது. என்ன பயிற்சி? ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை.

சொன்னது பல்க் கேரியர், அதாவது பெரிய சரக்குக் கப்பல். ஏற்றியது, விசிட் விசாவில், நங்கூரம் போட்டுக் கிடக்கும் ஒரு பழைய டக் போட்டில், அதாவது இழுவைப் படகில். ஒப்பந்தத்தில் கப்பல் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. தண்ணீர் கேன் வந்தால்தான் சமையல். சம்பளம் ஒரு மாதம்கூட வரவில்லை.

போன் செய்தால் "ஓனர் இன்னும் போடலை, அடுத்த வாரம்". அப்புறம் "கேப்டன் சார் மும்பை போயிருக்கார்". இன்று காலை பேசியபோது, "பாதியில் இறங்கினது உங்க பையன், நஷ்ட ஈடு நாங்கதான் கேட்கணும்" என்கிறார்கள். நாலரை லட்சம் வாங்கிய வாய் பேசுகிற பேச்சைப் பாருங்கள்!

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் காசு வாங்கவே கூடாது. 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது, 2015இல் இந்தியாவும் அதை ஏற்றது. மெடிக்கல், பாஸ்போர்ட், சிடிசி செலவு மட்டும்தான் நம் தலையில். ஆர்பிஎஸ்எல் எண்ணை, மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் சரிபாருங்கள். விசிட் விசா என்றால் விமானமே ஏறாதீர்கள்.

அதே ஆபீஸில் இந்த ஞாயிறும் இன்டர்வியூ வைத்திருக்கிறார்களாம்.