கை தூக்குவதா, பெயர் சொல்லிக் கேட்பதா, விரல் காட்டுவதா?

டம்ளர் தண்ணீரில் ஒரு ஐஸ் கட்டி மிதக்கிறது. அது உருகியதும் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதை எந்த முறையில் கேட்கிறோமோ, அதைப் பொறுத்தே பிள்ளைகளின் மனதில் இருப்பது நமக்குத் தெரியவரும்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று கோரஸாக வரும். வாய்ப்பாட்டுக்குச் சேர்ந்து சொல்வது சரி. புரிதலைச் சோதிக்க அது உதவாது.

கை தூக்குகிறவரைக் கேட்டால் பாடம் வேகமாக ஓடும். சிக்கலும் அந்த வேகத்தில்தான். ஒரு பிள்ளை "அப்படியே இருக்கும்" என்று சரியாகச் சொன்னதும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். "ஏறும்" என்று நினைத்தவர்கள் வாயே திறப்பதில்லை.

பெயர் சொல்லிக் கேட்பது இதைவிட மேல், ஆனால் வரிசை முக்கியம். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். முதலில் கேள்வி, அப்புறம் கொஞ்சம் மௌனம், கடைசியில் பெயர். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கவனித்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். மூன்று வினாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது. ஒன்று மட்டும் வேண்டாம்: கவனிக்காதவனை மாட்டிவிடுவதற்காக அவன் பெயரைச் சொல்வது. அது கேள்வியே இல்லை, தண்டனை. பெரியவர்களுக்கான பயிற்சி வகுப்பில் சக ஊழியர்கள் முன் இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். அங்கே, அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தபடி, தனியாக யோசித்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசி, பிறகு எல்லோருக்கும் சொல்வது நன்றாக எடுபடும். "நாங்க பேசினதுல..." என்று தொடங்குவது எளிது.

ஐஸ் கேள்வி மாதிரி ஒரு கருத்தைப் புரியவைக்கும் பாடத்துக்கு என் ஓட்டு எரிக் மஸூர் முறைக்கே. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் அவர் 1991இல் இதைத் தொடங்கினார். விடைகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொருவரும் தனித்தனியே வாக்களிக்க வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. நெஞ்சோடு ஒட்டி விரல் காட்டினால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், விடையைச் சொல்லாமல் அருகில் இருப்பவரோடு வாதாட விட்டு மறுபடி வாக்கெடுக்கலாம். அதைவிடக் குறைந்தால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும். அதிகமென்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். ஐஸ் கேள்வியில், மிதக்கும் கட்டி தன் எடைக்குச் சமமான நீரைத்தான் விலக்குகிறது, உருகினாலும் அதே அளவு நீர்தான் என்ற விளக்கம் ஒரு மாணவன் வாயிலிருந்தே வர வாய்ப்புண்டு.

நேரம் பிடிக்கும், ஒரு பீரியடில் இரண்டு மூன்று கேள்விக்கு மேல் ஓடாது. வாக்கெடுப்பில் சரியான விடையோடு சேர்த்து வைக்கத் தவறான விடைகளைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை. அதற்குப் போன வருட விடைத்தாள்களில் பிள்ளைகள் எழுதிய தப்புகளையே எடுத்துப் போடுங்கள்.