வயரில்லாக் கமரா: கொழும்பு வீட்டுக்கு எது சரிவரும்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ போய் "வயர்லெஸ் கமரா இருக்கா?" என்று கேட்டால், ஒன்றுக்கொன்று அதிகம் சம்பந்தமில்லாத மூன்று சாமான்களை எடுத்து வைப்பார்கள். ஒன்று வைஃபையில் படம் அனுப்பும், ஆனால் பிளக்கில் குத்தியே ஆகவேண்டும். இன்னொன்று பற்றரியில் ஓடும். சிலவற்றோடு சின்னச் சூரியத் தகடும் வரும். மூன்றாவது சிம் போடுவது. பெட்டியில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான். வாங்கப் போகிறவர்கள் மெகாபிக்சலையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். கரண்ட் எங்கிருந்து வருகிறது, பதிவு எங்கே போய்ச் சேருகிறது என்ற இரண்டைக் கேட்டாலே பாதிக் கமராக்கள் கழிந்துவிடும்.

மெகாபிக்சல் கதையை முதலில் முடித்துவிடுவோம். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை உறுதியாக அடையாளம் காண, காட்சியில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. 1080பி கமராவின் படம் 1920 பிக்சல் அகலம். லென்ஸ் 90 பாகை விரிவாகப் பார்க்கிறது என்றால், ஆள் கிட்டத்தட்ட 3.8 மீற்றருக்குள் நின்றால்தான் அந்தக் கணக்குக் கட்டும். 2304 பிக்சல் அகலமுள்ள 3 மெகாபிக்சலுக்குப் போனால் இது 4.6 மீற்றராகும். கூடுதல் காசுக்குக் கிடைப்பது 80 சென்ரிமீற்றர்! கமராவை மொட்டை மாடி விளிம்பிலிருந்து இறக்கி, கேற்றடியில் இரண்டரை மீற்றர் உயரத்தில் மாட்டினால் இதைவிட அதிகம் கிடைக்கும், அதுவும் செலவில்லாமல்.

இனி பிளக்கில் குத்தும் வகை. கொழும்பில் பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். காரணம், இது இருபத்து நான்கு மணிநேரமும் விடாமல் பதியும். "கரண்ட் போனால் என்ன செய்வது?" என்று உடனே கேட்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டுப் பார்த்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியதும் மறந்திருக்காது. ஆனால் அந்த மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய, கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட வைக்கும் மினி யூ.பி.எஸ் பலர் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதில் 5, 9, 12 வோல்ட் துவாரங்கள் தனித்தனியாக இருக்கும். கமராவின் அடப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பார்த்து, முனையும் பொருந்தினால், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே கமராவையும் அதில் கொடுத்துவிடலாம். வோல்ட் மாறினால் கமரா போய்விடும், அதில் மட்டும் கவனம்.

பெரிய தொல்லை கரண்ட் அல்ல, வைஃபை நெரிசல். இந்தக் கமராக்களில் அனேகமானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் போனைத் திறந்து பாருங்கள், அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து விழும். எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் இடிபட வேண்டும். இடையில் ஒரு கொங்கிரீட் சுவரும் இருந்தால் கமரா அடிக்கடி 'ஒஃப்லைன்' ஆகும். ரவுட்டரில் சனலைத் தானாக மாற விடாமல், நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்தி வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரவுட்டரோடு வயரில் இணைக்கும் லான் துவாரமும் உள்ள மொடலை எடுப்பது புத்தி. டிபி-லிங்க் கம்பனியின் டாப்போ சி310 போன்றவற்றில் அது உண்டு. வயரில்லாக் கமரா வாங்கிவிட்டு வயர் இழுப்பதா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபி65, ஐபி66 என்பவை தூசிக்கும் பீய்ச்சும் தண்ணீருக்கும் கொடுக்கும் இலக்கங்கள். உப்புக் காற்றைப் பற்றி அவை ஒன்றுமே சொல்வதில்லை. காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் முதலில் துருப்பிடிப்பது ஆணியும் இணைப்பு முனையும்தான். துருப்பிடிக்காத எஃகு ஆணி போட்டு, இணைப்பை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடக்கிவிடுங்கள்.

பற்றரிக் கமரா அரைத்தூக்க வாட்ச்மேன் மாதிரி. ஏதாவது அசைந்தால்தான் எழும்பும், எழும்பும்போது சிலவேளை ஆள் பாதித் தூரம் கடந்திருப்பார். அதை எழுப்புவது உடல் சூட்டை உணரும் பிஐஆர் உணரி. அது பார்ப்பது உடலுக்கும் பின்னணிக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தை. வெயிலில் காய்ந்த சுவர் உடல் சூட்டை நெருங்கும் மத்தியானத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும், உணரியும் மந்தமாகும். நேரே கமராவை நோக்கி நடந்து வருபவரை விட, குறுக்கே நடப்பவரையே அது நன்றாகப் பிடிக்கும். கேற்றிலிருந்து வாசல் வரை நேர்கோடாக நடைபாதை உள்ள வீட்டில் இதை யோசிக்க வேண்டும். கண்ணாடி யன்னலுக்கு உள்ளே வைத்தால் சுத்தமாக வேலை செய்யாது, கண்ணாடி அந்த வெப்பக் கதிரை விடாது.

"சூரியத் தகடு இருக்கே, சார்ஜ் போடவே தேவையில்லை" என்று விற்பார்கள். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், மற்ற மாதங்களிலும் அதிகம் சரியாது. ஆகவே மேலே இன்னொரு பல்கனி மூடியிருக்கும் தொடர்மாடிப் பல்கனியில் தகடு பகலில் பாதி நேரம் நிழலில்தான் கிடக்கும். மேற்குப் பார்த்த பல்கனி என்றால் பின்னேர வெயில் கிடைக்கும், தென்மேல் பருவமழையில் அதுவும் முகிலோடு போய்விடும். வத்தளைப் பக்கம் திறந்த முற்றமும் கூரையும் உள்ள தனி வீட்டுக்குச் சூரியத் தகடு நல்ல யோசனைதான். வாடகை வீட்டில் சுவர் துளைக்க உரிமையாளர் விடமாட்டார் என்றாலும் பற்றரி வகைதான் வழி. மற்றவர்களுக்கு இது இரண்டாவது கமராவாக இருக்கலாம், முதலாவதாக வேண்டாம்.

சிம் கமரா கட்டுமானம் நடக்கும் காணிக்கும், வைஃபை இல்லாத களஞ்சியத்துக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இங்குள்ள 4ஜி ஓடும் 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பாண்ட் 3, இருக்கிறதா பாருங்கள். நேரலையை வினாடிக்கு 1 மெகாபிற் வேகத்தில் பார்த்தால் மணிக்கு 450 மெகாபைற் போகும். அவ்வளவுதான் அதைப் பற்றி.

பிராண்ட் என்று வந்தால் கடைகளில் கண்ணில் படுபவை டிபி-லிங்கின் டாப்போ, இஸ்விஸ், இமோ, ஷாவ்மி. இஸ்விஸ் ஹிக்விஷன் குடும்பம், இமோ டாஹுவா குடும்பம். ஆர்டிஎஸ்பி, ஓன்விஃப் என்ற பொது வழிகளில் படத்தைத் தருவதால், பிளக் வகை டாப்போவை நான் ஒருபடி மேலே வைப்பேன். நாளை ஒரு ரெக்கோடரை வேறு கம்பனியில் வாங்கினாலும் கமரா அதோடு பேசும். டாப்போவின் பற்றரி மொடல்களுக்கு இது கிடையாது. வீட்டுக்குள் தொட்டிலையோ பூனையையோ பார்க்க மட்டும் என்றால் நான்கில் எது மலிவோ அது போதும்.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பிள்ளைகள் ரிங், பிளிங்க் கொண்டுவந்து தருவது தனிக் கதை. இரண்டுமே அமேசானுடையவை. ரிங்கில் சந்தா கட்டாவிட்டால் நேரலை பார்க்கலாம், பழைய பதிவு இருக்காது. கள்வன் வந்துபோன பிறகு அதால் பயனில்லை. வட அமெரிக்காவில் வாங்கியது சனல் 12, 13ஐக் காணாமலும் போகலாம், ரவுட்டர் அந்தச் சனல்களில் நின்றால் 11க்குள் இறக்க வேண்டும். அம்மா அப்பாவைப் பார்க்க என்றால், கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் செயலியில் உள்ள 'ஷெயார்' வசதியைப் பாவியுங்கள்.

பதிவுக்கு மேகச் சந்தாவை (பதிவை இணையத்தில் கம்பனியிடம் வைக்கக் கட்டும் காசு) விட மெமரி கார்ட்தான் என் தெரிவு. கார்டில் பதிவதற்கு இணைய டேட்டா போவதே இல்லை, இது பலருக்குத் தெரியாது. 1.5 மெகாபிற்றில் ஓடும் 1080பி ஒரு நாளுக்கு ஏறத்தாழ 16 கிகாபைற், 128 கிகாபைற் கார்டில் ஒரு வாரம் தங்கும். சாதாரணக் கார்ட் ஓயாமல் எழுதி எழுதித் தேய்ந்துவிடும். சான்டிஸ்க் ஹை எண்டியூரன்ஸ், சாம்சங் புரோ எண்டியூரன்ஸ் போன்றவற்றை எடுங்கள், நடைபாதைக் கடையில் வாங்க வேண்டாம். கள்வன் கமராவையே கழற்றிக்கொண்டு போனால் கார்டும் போகும் என்பது உண்மைதான். அதனால் அசைவு கண்டால் ஒரு சின்னப் படத்தைப் போனுக்கு அனுப்பும்படி வைத்திருங்கள்.

மேகமும் பூட்டிய பெட்டி அல்ல. 2024 பெப்ரவரியில் வைஸ் என்ற பிராண்ட் கமரா வைத்திருந்த சுமார் 13,000 பேருக்கு வேறு வீடுகளின் படங்கள் தெரிந்தன. அதனால் கடவுச்சொல்லோடு இன்னொரு இலக்கமும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, கமராவை ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனியாக இருக்கும் 'கெஸ்ட்' வைஃபையில் விடுங்கள். படுக்கையறையில் எந்தப் பிராண்டும் வேண்டாம்.

தொடர்மாடியில் கதவுக்கு மேலே மாட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் முகாமைத்துவக் குழுவிடம் கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருக்கும் தரவை விட்டுவிடுகிறது. எதிர்வீட்டு அன்ரி விடமாட்டார். அவருடைய கதவு விழும் பகுதியைச் செயலியில் 'பிரைவசி ஸோன்' போட்டுக் கறுப்பாக மறைத்து, போனைக் கொண்டுபோய் அவரிடமே காட்டிவிட்டு ஆணி அடியுங்கள்.