ஓவர்ஹோலா, மாற்று எஞ்சினா?

உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்த எங்கள் டீசல் வான், மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் கொதித்து நின்றது. எஞ்சின் ஒயில் பால்தேநீர் நிறமாகியிருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. இனி இரண்டு வழிதான்: இருக்கும் எஞ்சினையே பிரித்துத் தேய்ந்ததை மாற்றிச் சீராக்கும் ஓவர்ஹோல், அல்லது வேறொரு எஞ்சின்.

இறக்குமதியான பழைய எஞ்சினைப் பொருத்தினால் வேலை விரைவில் முடியும். கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே வாடகைக்கு ஓடிப் பிழைப்பவருக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அதன் உள்ளே இருக்கும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த நிலையில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பத்திரம் இல்லாத எஞ்சினை மலிவென்று தொடவே தொடாதீர்கள்.

ஓவர்ஹோல் நாள் பிடிக்கும். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வளைந்திருந்தால் அதைச் சீவினால் போதுமா, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கையும் கடைய வேண்டுமா என்பது பிரித்த பிறகே தெரியும். செலவு ஏறுவதும் அங்கேதான். எங்கள் கிராங் தப்பியிருந்தது. அதனால் ஓவர்ஹோலையே தேர்ந்தேன். ரிங், பெயரிங் எல்லாம் என் கண்முன்னே புதிதாக ஏறின.

எந்த வழியானாலும் ரேடியேட்டரை முதலில் கழற்றுங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி எங்களுடையதில் சுண்ணாம்பு அடைத்துக் கிடந்தது.